ஒப்பு நோக்க ஓர் ஆள்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிட்டால்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் ஏமாற்றம்தான். இதில் நடந்தது எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. பெரிய காஞ்சிபுரத்தில், தெருமுனையில் ஆட்டோக்காரர்கள் பட்டுக்கடைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு மாடி அறைக்குள் நடந்தது.

அந்த அறைக்கு ஏலவார்குழலி முதன்முதலாக வந்தது ஒரு பங்குனி மாதக் காலையில். பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதன் ஓலைச்சுவடிப் பிரிவு மட்டும், யாரோ தானமாகக் கொடுத்த இந்தப் பழைய மாடிவீட்டிலேயே தங்கிவிட்டது. சுவடிகளை வந்து எடுத்துப்போகிறோம் என்று சொன்னார்கள். யாரும் வரவில்லை. சுவடிகளும் கோபித்துக்கொள்ளவில்லை.

படியேறும்போதே வாசனை வந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க ஓலைக்குத் தடவும் எலுமிச்சம்புல் எண்ணெயின் வாசனை. அதற்கு அடியில் ஈரக் கோணிப்பையைப் போலப் பழைய ஓலையின் வாசனை. அதற்கும் அடியில் மூக்கைக் குடைகிற காரமான ஏதோ ஒன்று. குழலி தும்மினாள்.

“முதல் நாளே தும்மறீங்களேம்மா” என்று சிரித்தார் உமாபதி. அவர்தான் பிரிவின் தலைவர். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் இங்கே வருவார், மற்ற நாட்களில் புதுக் கட்டடத்தில் இருப்பார்.

அறை நீளமாக இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், உள்ளே சிவப்புத் துணியில் சுற்றிய சுவடிக் கட்டுகள். நடுவில் ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஜன்னலோரத்து நாற்காலியைக் குழலிக்குக் காட்டினார். எதிர் நாற்காலியின் பிரம்பு நடுவில் குழிந்து தொங்கியது.

“ஒப்பு நோக்கறது உங்களுக்குத் தெரியும். ஆனா இங்க ஒரு முறை இருக்குது, அதையும் தெரிஞ்சுக்கங்க” என்றார் உமாபதி.

முறை இதுதான். ஒருவர் ஓலையைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பார். எதிரில் இருப்பவர் கையில் பெயர்த்தெழுதிய தாள் இருக்கும். வரி சரியாக இருந்தால் அவர் “ம்” என்பார். “ம்” வரவில்லையென்றால் படிப்பவர் அதே வரியை மறுபடியும் படிக்க வேண்டும், அடுத்த வரிக்குப் போகக் கூடாது. படிப்பவருக்குத் தொண்டை கட்டினால் நிறுத்திவிடுவார். எதிரில் இருப்பவர் அதே வரியை எடுத்துப் படிக்கத் தொடங்குவார், இவர் “ம்” சொல்ல வேண்டும். அதற்கு வாய்மாற்று என்று பெயர். வேலையை முடிக்கும்போது படிப்பவர் “நின்றது” என்று சொல்வார். அதைச் சொல்லும் உரிமை படிப்பவருக்கு மட்டும்தான். அதுவரை எதிராளி எழுந்திருக்கக் கூடாது.

“மருத்துவச் சுவடியில ஒரு வரி போச்சுன்னா ஒரு உயிரு போன மாதிரி. அதுக்காக வச்ச முறை.”

“எதிர்ல யாரு சார் உக்காருவாங்க?”

“அந்த போஸ்ட் காலியாத்தான் இருக்குது. ஃபைல் போயிருக்குது, வரும். அதுவரைக்கும் ஸ்கேன் எடுங்க, எண்ணெய் போடுங்க. தனியா மட்டும் வாய்விட்டுப் படிக்காதீங்க.”

“ஏன் சார்?”

உமாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பு வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

குழலிக்கு இந்த வேலை சம்பளத்துக்காக மட்டும் இல்லை. சுவடியியல் படித்த படிப்பைக் கல்யாணத்தோடு பரணில் போட்டவள். கணவர் ராமலிங்கம் பஸ் டெப்போ மெக்கானிக். போன ஐப்பசியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர், காபிக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் தேவிப்ரியாவை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் பேச ஆளில்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றுவிட்டால் சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.

ராமலிங்கம் இருந்தபோதும் பெரிதாகப் பேசிவிடவில்லை. அவள் வாய் ஓயாமல் சொல்வாள், அவர் “ம்” கொட்டுவார். அரிசி விலை ஏறியதற்கும் “ம்”, மகள் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்கும் அதே “ம்”. “செவுத்துக்கிட்ட பேசினாக்கூட பதில் சொல்லும், உங்ககிட்ட வர்றது இந்த ம் ஒண்ணுதான்” என்று எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறாள். இப்போது அந்த ஒற்றை எழுத்துக்காக ஏங்கினாள். தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் சற்று நேரம் காத்திருப்பாள். வீடு பேசாமல் இருக்கும்.

சித்திரையில் வெயில் ஏறியது. ஸ்கேன் இயந்திரம் பழுதாகி ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சும்மா உட்கார முடியாமல் ஓர் அலமாரியைத் திறந்தாள். கைக்கு வந்தது, பிள்ளைகளுக்கு வரும் நோய்களுக்கு மருந்து சொல்லும் ஒரு சுவடி. தென்னேரியில் ஒரு வைத்தியர் வீட்டிலிருந்து வந்தது என்று மேல்துணியில் எழுதியிருந்தது. கடைசி ஏடுகள் செல்லரித்து உதிர்ந்துபோயிருந்தன. நடுவில் ஓர் ஈர்க்குச்சி செருகியிருந்தது, யாரோ அந்த இடம் வரை படித்துவிட்டுப் போனதுபோல. பெயர்த்தெழுதிய தாள்களும் கூடவே இருந்தன. அவற்றை மேசையின் எதிர்ப்பக்கம் வைத்தாள். அங்கேதானே வைப்பது வழக்கம்.

ஈர்க்குச்சியை எடுத்தாள். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறுதான் இது. புரியாத எழுத்தைக் கண்ணால் படிப்பதைவிட வாயால் படித்தால் சட்டென்று பிடிபடும். உமாபதி சொன்னது ஞாபகம் இருந்தது. அவள் ஒரு வரியை வாய்விட்டுப் படித்தாள்.

“ம்.”

கீழே தெருவில் ஏதோ ஹாரன் அடித்தது. குழலி நிமிர்ந்து பார்த்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. குழிந்த பிரம்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குழிந்திருந்ததோ என்னவோ.

அடுத்த வரியைப் படித்தாள்.

“ம்.”

மெதுவான, வாயைத் திறக்காத, தொண்டைக்குள்ளிருந்து வருகிற “ம்”. எழுந்து ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “என்னங்க?” என்று கேட்டாள்.

பதில் இல்லை. மறுபடி ஏட்டைப் பார்த்துப் படித்தாள், மறுபடி வந்தது. அன்று மாலை வரை படித்தாள். கிளம்பும்போது முறைப்படி “நின்றது” என்றாள். பிரம்பு மெல்லக் கிறீச்சிட்டது.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அதற்குப் பயமும் தெரியாது என்பது குழலியின் விஷயத்தில் தெரிந்தது. தினமும் காலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏட்டில் கொஞ்சம் படிப்பாள், பிறகு ஏட்டை வைத்துவிட்டு வீட்டுக்கதை சொல்வாள். தேவிக்கு வளைகாப்பு முடிந்ததைச் சொன்னாள், மாப்பிள்ளை சரத்குமார் புது வண்டி வாங்கியதைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் “ம்” வந்தது. எதிர்ப்பக்கத்துத் தாள்கள் அவள் படிக்கப் படிக்கத் தானாகப் புரண்டன. மின்விசிறிக் காற்று என்று சொல்லிக்கொண்டாள். மூக்கைக் குடையும் அந்தக் கார நெடி மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. ராமலிங்கத்திடம் அவருடைய ஆயுளில் கிரீஸ் நாற்றத்தைத் தவிர வேறு வாசனை வந்ததில்லை. அதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

அலுவலக உதவியாளர் ஜான்சன் ஒருநாள் டீ கொண்டுவந்தவர், வாசலிலேயே நின்றார். மேசையின் எதிர்ப்பக்கம் இன்னொரு டம்ளர் டீ ஆடை கட்டியிருந்தது.

“யாருக்கு மேடம் அது?”

“எனக்குத்தாம்பா.”

ஜான்சன் எதிர் நாற்காலியைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், டீயை வாசலிலேயே வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

ஆனியில் தேவிப்ரியா தலைப்பிரசவத்துக்கு வந்துசேர்ந்தாள். வீட்டில் சத்தம் வந்தது. டிவி ஓடியது, குழாயடியில் யாராவது தேவியை விசாரித்தார்கள். குழலிக்கு வயிறு குளிர்ந்தது. ஆனாலும் காலையில் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

“இன்னும் லீவு போடலியாம்மா? எனக்குத் தனியா இருக்க பயமாகீது” என்றாள் மகள்.

“இன்னிக்கு ஒருநாள் போயிட்டு வந்துடறேன். சொல்லாம வந்தா நல்லா இருக்காது.”

“யாருகிட்ட சொல்லணும்?”

குழலி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. காமாட்சியம்மன் கோயில் பக்கம் கூட்டம் நெரிந்தது. மாடியறையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. உட்கார்ந்ததும் சொன்னாள். “நாளையிலிருந்து வரமாட்டேங்க. தேவிக்கு நாள் நெருங்கிடுச்சு. கொழந்த பொறந்து கொஞ்சம் தேறினதும் வரேன்.”

“ம்” வரவில்லை.

கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னாள்.

வரவில்லை.

மூன்றாம் முறையும் சொன்னாள். கோபமா என்று கேட்டாள். சமாதானப்படுத்துவதுபோல ஏட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். அதற்கு “ம்” வந்தது. அப்பாடா என்றிருந்தது. விடாமல் படித்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியது, கரண்ட் போனது, விசிறி நின்றது. கடைசி ஏட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டிக்கொண்டது. இருமினாள். தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு “நின்றது” சொல்லி எழுந்துவிடலாம் என்று செம்பை எடுத்தாள்.

எதிரில் இருந்து அந்த வரியை யாரோ படித்தார்கள்.

மெல்லிய குரல். மூக்கடைத்துக் கரகரக்கும், வயதான ஆணின் குரல். ராமலிங்கத்தின் குரல் இல்லை. எந்தக் காலத்திலும் அவருடைய குரலாக இருந்திருக்க முடியாத குரல்.

வரி முடிந்தது. குரல் காத்திருந்தது.

குழலியின் வாய், அவளைக் கேட்காமலே, “ம்” என்றது.

அதுதான் அவள் செய்த தவறு. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். ஒப்பு நோக்கிப் பழகியவளுக்கு வரி முடிந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். வாய் மாறிவிட்டது. இனி அவள் எதிராளி.

குரல் அடுத்த வரிக்குப் போனது. அவள் கண் ஏட்டின் மேல் ஓடியது. ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருந்தது. “ம்.” அடுத்த வரி. “ம்.” ஓலையின் கடைசி வரி வந்தது. அதற்கும் “ம்” சொல்லிவிட்டு, ஏட்டைக் கவிழ்த்தாள்.

ஏடு முடிந்துவிட்டது.

வாசிப்பு முடியவில்லை.

செல்லரித்துப்போன ஏடுகளில் இருந்ததையோ, எந்த ஏட்டிலும் இல்லாததையோ, அந்தக் குரல் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனது. கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தேவி. நின்று, மறுபடி அதிர்ந்தது. தேவி. எழ முயன்றாள். தோளை யாரும் பிடிக்கவில்லை, காலை யாரும் கட்டவில்லை. ஆனால் உடம்பு எழவில்லை. “நின்றது” என்ற சொல்லுக்காக அது காத்திருந்தது.

மூன்றாம் முறை போன் அதிர்ந்தபோது, பெற்ற வயிறு உந்த, நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்து எழுந்து ஓடினாள். கைப்பை அங்கேயே கிடந்தது. பின்னால் குரல் அதே வரியைத் திரும்பப் படித்தது. படியிறங்கும்போது திரும்பப் படித்தது. ஆட்டோவில் ஏறியதும் பக்கத்து இருக்கையிலிருந்து படித்தது.

“ம்” என்றாள். அடுத்த வரிக்குப் போனது.

தேவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து “ம்” சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து, “பொண்ணு பொறந்திருக்குதும்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றாள். குழலி நர்ஸின் முகத்தைப் பார்த்து, “ம்” என்றாள்.

பேச ஆளில்லையே என்று தவித்தவள் வீட்டில் இப்போது மகள் இருந்தாள், பேத்தி இருந்தாள், பார்க்க வருகிறவர்கள் இருந்தார்கள். குழலியால்தான் பேச முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் அந்த நேரத்தில் ஒரு வரி தவறிவிடும். தவறிய வரி மறுபடி வரும், முன்பைவிடப் பக்கத்தில். மூன்றாம் முறை காதுக்குள் மூச்சுப் படும். தூங்கும்போது மட்டும் விட்டுவைத்தது. விழித்த கணத்தில், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. குரல் வந்தது ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து; அதில் யாரையும் உட்காரவிடாமல் அதன்மேல் துணியை மடித்து வைத்தாள். துணி காலையில் தரையில் கிடக்கும்.

“நான் எது சொன்னாலும் ம்முங்கற” என்று ஒருநாள் தேவிப்ரியா அழுதேவிட்டாள். “கொழந்த மேல ஆசையே இல்லியா ஒனக்கு? அப்பா மாதிரியே ஆயிட்டம்மா நீ.”

அப்படி இல்லைடி கண்ணு என்று சொல்லத் துடித்தாள்.

“ம்” என்றாள்.

ஜான்சன் கைப்பையைக் கொடுக்க வந்தார். குழந்தையின் கையில் பணம் வைத்துவிட்டு, தேவி உள்ளே போனதும் தணிந்த குரலில் பேசினார். குழலியின் கண்களைச் சுற்றியிருந்த கறுப்பை அவர் பார்த்துவிட்டார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கணும் மேடம். முனிரத்தினம் ஐயான்னு ஒருத்தரு, அந்த எதிர் சேர்ல உக்காருவாரு. மூக்குப்பொடி போடுவாரு. குமரகுரு ஐயா படிப்பாரு, இவரு ம் சொல்லுவாரு. ஒருநாளு பாதியில, தோ டீ குடிச்சிட்டு வரேன்னு குமரகுரு ஐயா எறங்கிப் போனாரு. ஒடனே வரப் போறோமேன்னு நின்றதுன்னு சொல்லாமப் பூட்டாரு. ரோட்ட தாண்டச்சொல்ல லாரி அடிச்சிட்சி.”

குழலி “ம்” என்றாள். அது ஜான்சனுக்குச் சொன்னது இல்லை.

“சாயங்காலம் நான்தான் போயி சொன்னேன். முனிரத்தினம் ஐயா எழுந்துக்கவே இல்ல. அவன் இன்னும் நின்றதுன்னு சொல்லலியேப்பான்னாரு. ரிட்டையர் ஆயும் தெனம் வந்து குந்திக்கினு இருப்பாரு. வீட்ல யாரும் கெடையாது அவருக்கு. ஒருநாள் காலைல கதவத் தொறக்கறேன், குந்தின மேனிக்கே போயிருந்தாரு.” ஜான்சன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். “அங்க இனிமே வராதீங்க மேடம்.”

அவர் போன பிறகு குழலி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பயத்துக்கு நடுவிலும் அந்தக் கிழவரை நினைத்துப் பாவமாக இருந்தது. ஒரு சொல்லுக்காகச் சாகும்வரை காத்திருந்த மனிதர். அந்தச் சொல்லை அவர் தன்னிடம் ஏன் சொல்லப்போகிறார்? சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாளே. அவளும் அப்படித்தானே காலி நாற்காலிக்கு டீ வைத்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. “நின்றது” என்று சொல்லும் உரிமை படிப்பவருக்கு மட்டும்தான். அப்படியானால் அவள் படிப்பவள் ஆக வேண்டும். வாயை மாற்ற வேண்டும். அதற்கு அவர் படிக்கும் வரியை அவள் வாய்விட்டு எடுக்க வேண்டும், ஓர் எழுத்துப் பிசகாமல்.

தேவிப்ரியா சமையல்கட்டில் இருந்தாள். கூடத்தில் குழந்தை தூளியில் தூங்கியது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வரி வந்து முடிந்தபோது குழலி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“ம்” சொல்லவில்லை.

வரி மறுபடி வந்தது. சொல்லவில்லை. மூன்றாம் முறை நாற்காலியிலிருந்து எழுந்து வந்ததுபோல வலப்பக்கத்தில் வந்தது. பொடி நெடி கண்ணை எரித்தது. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து மனத்தில் முடிச்சுப் போட்டாள். மறுபடி வந்தது. காது மடலில் குளிர்ந்த மூச்சு. மறுபடி. இப்போது குரல் அவளுடைய மண்டைக்குள்ளிருந்தே வந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கேட்டாள். தறிச் சத்தம் நின்றது. தெருச் சத்தம் நின்றது. அந்த ஒரு வரி மட்டும் உலகத்தில் மிச்சம் இருந்தது.

தலைப்பை எடுத்தாள். அவரோடு சேர்ந்து, அவருக்கு மேலே, சொன்னாள்.

“பால்மணம் மாறாப் பிள்ளையைத் தனியே கிடத்தேல்.”

குரல் நின்றது.

பிறகு ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து, தயங்கித் தயங்கி, பழைய அதே சத்தம் வந்தது.

“ம்.”

வாய் மாறிவிட்டது. குழலி இரண்டு கைகளையும் கூப்பினாள். “ஐயா, என்ன மன்னிச்சிடுங்க” என்றாள். பிறகு தெளிவாக, தேவிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

“நின்றது.”

பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனாலும் பிரம்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது, யாரோ கைகளை ஊன்றி எழுந்திருப்பதுபோல. நெடி மெல்லக் குறைந்தது. தறி ஓடும் சத்தம் காதுக்குத் திரும்பியது.

“என்னம்மா நின்னுது? தண்ணியா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் தேவிப்ரியா.

குழலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சமையல்கட்டுக்கு ஓடினாள். மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பேத்திக்கு அவளுடைய தாத்தாவின் நெற்றி என்றாள். பிறந்த அன்றே பார்த்தேன், சொல்ல முடியவில்லை என்றாள். ஆஸ்பத்திரி சாம்பாரில் உப்பே இல்லை, மாப்பிள்ளை இளைத்துவிட்டார், நீ பிறந்தபோது உன் அப்பா மட்டும்தான் அழுதார், நான் அழவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனாள். தேவிப்ரியா முதலில் மிரண்டாள், பிறகு சிரித்தாள், பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீடு வீடாக இருந்தது.

கூடத்திலிருந்து ஒரு சின்னத் தும்மல் கேட்டது.

“நூறு வயசு!” என்று வழக்கம்போல வாழ்த்தினாள் தேவிப்ரியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எழுந்துட்டா போலகீது. போய்ப் பாரும்மா.”

பேச்சு குழலியின் வாயிலேயே நின்றுபோனது. தான் திரும்பத் திரும்பக் கேட்டு, மனத்தில் முடிச்சுப் போட்டு, கடைசியில் தன் வாயாலேயே படித்த வரியின் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழந்தையைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கூடத்துக்கு வந்தாள். குழந்தை தூளிக்குள் கண்ணை அகல விழித்துக் கிடந்தது. அழவில்லை. பாட்டியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்க்கவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கார நெடி இப்போது தூளியைச் சுற்றி மட்டும் இருந்தது. குழலிக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. அவள் எவ்வளவு உற்றுக் கேட்டும் கேட்கவில்லை.

ஒரு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் குழந்தை அசையாமல் இருந்தது.

பிறகு, வாயைத் திறக்காமல், “ம்” என்றது.